நம்மூர் டீச்சர்

அந்தப் பள்ளியில் நாங்கள் எல்லோரும் டீச்சர்கள். அவர் மட்டும் நம்மூர் டீச்சர். பிள்ளைகளுக்கும் பெற்றோர்களுக்கும் சத்துணவு சமைக்கும் அக்காவுக்கும் ஹெச்.எம். சாருக்கும் அதுதான் பெயர். பாசத்தில் வைத்த பெயர் என்று முதலில் நினைத்தேன். பாசமும் இருந்தது. ஆனால் அவரை வேலைக்கு எடுத்ததே அந்தத் தகுதியைப் பார்த்துத்தான் என்பது போகப் போகத் தெரிந்தது.

அவர் எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவர். ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறியிருந்தார். நிரந்தர வேலைக்கான அழைப்புதான் வரவில்லை. காலியாகக் கிடக்கும் இடங்களுக்குத் தற்காலிகமாக ஆள் எடுக்கலாம், அந்த ஊரிலேயே குடியிருப்பவருக்கு முன்னுரிமை என்று அரசு சொன்னபோது, பள்ளி மேலாண்மைக் குழு கூடி அவரை எடுத்தது. ஏப்ரலோடு வேலை முடியும். ஜூனில் குழு மறுபடி கூடும். மறுபடி எடுத்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நான் போனபோது இப்படியே பல ஜூன்கள் அவருக்குக் கழிந்திருந்தன.

எதைச் சொன்னாலும் இரண்டு தடவை சொல்வார். முதலில் இடது பக்கம் திரும்பித் தமிழில். பிறகு வலது பக்கம் திரும்பி ஆங்கிலத்தில்.

நான் முதன்முதலாக அவரைப் பார்த்தபோதும் அப்படித்தான் திரும்பிக்கொண்டிருந்தார். என் ஊர் தென்காசிப் பக்கம். கலந்தாய்வில் என் முறை வந்தபோது சொந்த மாவட்டத்தில் ஒரு இடமும் மிச்சமில்லை. தஞ்சாவூர் மாவட்டத்தில் இந்த ஊர் இருந்தது. கணவரையும் மகனையும் அங்கேயே விட்டுவிட்டு ஜூன் மாதம் வந்து இறங்கினேன். வெண்ணாற்றிலிருந்து பிரியும் வாய்க்காலில் அப்போதுதான் புதுத் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்துகொண்டிருந்தது. ஹெச்.எம். சார் என்னை நேரே ஆறாம் வகுப்புக்கு அழைத்துப் போனார்.

ஒரே அறை. இடது பக்கம் தமிழ் வழிப் பிள்ளைகள், வலது பக்கம் ஆங்கில வழிப் பிள்ளைகள். ஆங்கில வழிப் பிரிவு தொடங்கச் சொல்லி உத்தரவு வந்தது, தொடங்கிவிட்டார்கள். தனி அறையும் தனி டீச்சரும் வரவில்லை. பெஞ்சுகளை ஒதுக்கி நடுவில் ஒரு ஆள் நடக்க வழி விட்டிருந்தார்கள். அந்த வழியில் நின்றுகொண்டு அவர் பாடம் நடத்தினார்.

"இலையில கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டை இருக்கு." தலை வலது பக்கம் திரும்பியது. "தேர் ஆர் டைனி ஹோல்ஸ் இன் எ லீஃப்."

"நம்மூர் டீச்சர், இவங்கதான் ஆர்டர் வாங்கிட்டு வந்திருக்காங்க" என்றார் ஹெச்.எம். சார்.

அவர் சாக்பீஸைக் கீழே வைக்கவில்லை. தொடங்கிய வாக்கியத்தை இடது பக்கத்துக்கும் வலது பக்கத்துக்கும் முடித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

"வாங்க டீச்சர். வெல்கம், டீச்சர்."

கிண்டல் செய்கிறார் என்றே நினைத்தேன். இல்லை என்பது மதியச் சாப்பாட்டின்போது தெரிந்தது. சமையல் அக்கா என் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "நீங்க வந்திருக்கிற எடம் அந்தப் புள்ள உண்டாக்குன எடம், தெரியுமா?"

அதற்கு முந்தைய கோடையில் ஆங்கில வழிப் பிரிவில் பிள்ளைகள் குறைவாக இருக்கிறார்கள், அதை மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டிருக்கிறது. மூடினால் தன் வேலையும் போகும் என்று நம்மூர் டீச்சர் மே மாத வெயிலில் வீடு வீடாகப் போயிருக்கிறார். மெட்ரிக் பள்ளி வேனுக்காகக் காத்து நிற்கும் பிள்ளைகளின் அம்மாக்களிடம் ரோட்டிலேயே நின்று பேசியிருக்கிறார். பக்கத்து ஊர்களிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். பிரிவு பிழைத்தது. பிள்ளைகள் பெருகியதும், இங்கே ஒரு நிரந்தரப் பணியிடம் தேவை என்று மேலிடத்தில் முடிவாயிற்று. நிரந்தரப் பணியிடம் வந்தால் அதற்குக் கலந்தாய்வு. கலந்தாய்வில் உள்ளூர், வெளியூர் கிடையாது. அப்படித்தான் நான் வந்தேன்.

நான் செய்த தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அன்று முழுக்க என் கையில் இருந்த சாக்பீஸ் யாருடையதோ போலவே இருந்தது.

அவர் அதிக நாள் வெளியே இருக்கவில்லை. கணக்கு டீச்சர் மகப்பேறு விடுப்பில் போனார். அந்த இடத்துக்குக் குழு அவரையே எடுத்தது. பக்கத்து வகுப்பறைக்கு வந்து சேர்ந்தார். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே பாதிச் சுவர்தான். என் வகுப்பில் நான் பேசுவது அவருக்குக் கேட்கும்.

ஒருநாள் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, "பிள்ளைகளா, வெரசா எழுதுங்க" என்றேன். இரண்டு பக்கமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்கு அடியில் குனிந்தாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வெரசான்னா சீக்கிரம். சீக்கிரம் எழுதச் சொல்றாங்க. ரைட் ஃபாஸ்ட்."

அன்றைக்கு என் தமிழுக்கும் மொழிபெயர்ப்பு கிடைத்தது. சாயங்காலம் பஸ்ஸுக்கு நடக்கும்போது இருவரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அன்றிலிருந்துதான் நெருங்கினோம்.

பள்ளிக்கு வெளியிலும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. ஒரு சனிக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய அப்பா காலமெல்லாம் மற்றவர்கள் வயலில் வேலை பார்த்தவர். இப்போது குத்தகைக்குக் கொஞ்சம் நிலம் எடுத்துத் தானே சாகுபடி செய்கிறார். மடையைத் திறந்துவிட்டு வந்த டீச்சர் வரப்பில் நின்று கத்தினார்: "அப்பா, தண்ணி வந்துடுச்சு." பிறகு, சற்று வலது பக்கம் திரும்பி, "த வாட்டர் ஹேஸ் கம்."

வயலுக்குள் நின்ற அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "நான் எந்தப் பக்கத்துப் பெஞ்சும்மா?"

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். கரை ஏறி வரும்போது டீச்சர் மெதுவாக, "எனக்கே தெரியறதில்ல டீச்சர். வாய் அதுவா போயிடுது. தூக்கத்துல பேசறப்பகூட ரெண்டு தடவை பேசறேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு" என்றார். அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவருடைய வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். கல்யாணமான நாளிலிருந்து அங்கே வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். "அங்க தனியார் ஸ்கூல்ல வேலை கிடைக்கும்தான். ஆனா ஊர விட்டுப் போயிட்டா நான் உள்ளூர் இல்லையே. நாளைக்கே தற்காலிகமா இருந்தவங்கள நிரந்தரம் பண்றோம்னு ஒரு உத்தரவு வந்தா?" என்பார் டீச்சர். வருடா வருடம் அந்தப் பேச்சு கிளம்பும். யாரோ மந்திரியைப் பார்த்தார்கள், யாரோ கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள் என்று செய்தி வரும். அவர் இன்னும் கொஞ்ச நாள் இருப்போம் என்று இருப்பார்.

உள்ளூர் என்பதற்கு இன்னொரு விலையும் இருந்தது. அவரால் ஊரில் யாரையும் பகைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சம்பாவில் பக்கத்து வயல்காரர் மடையை மாற்றி வெட்டித் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். டீச்சருடைய அப்பாவின் நாற்றங்கால் வெடித்தது. அப்பா சண்டைக்குக் கிளம்பியபோது டீச்சர் வாசலில் மறித்தார். அந்த வயல்காரரின் மனைவி மேலாண்மைக் குழுவில் இருந்தார். போதாததற்கு அந்த அம்மாள் தன் சொந்தக்காரப் பெண்ணும் பி.எட். முடித்திருக்கிறது என்று போன கூட்டத்திலேயே சொல்லி வைத்திருந்தார்.

"அப்பா, வேணாம். ஜூன்ல அவங்கதான் கை தூக்கணும்."

"ஒன் வேலைக்காக நான் பயிரக் காயப்போடணுமா?"

டீச்சர் வாசலை விட்டு நகரவில்லை. அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். அந்த நாற்று தேறவில்லை. வேறு இடத்தில் நாற்று வாங்கி நட்டார்கள். மறுநாள் காலையில் அந்த அம்மாள் பள்ளிக்கு வந்தபோது நம்மூர் டீச்சர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள். தமிழ் வழியில் சேர்த்திருந்தார். தமிழ் வழியிலேயே படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை உண்டு என்பது அவர் கணக்கு. "நானும் தமிழ் வழிதான். எனக்கு அது உதவல. அவளுக்காவது உதவாதா?" என்பார். இது வெளியே தெரிந்ததும், அவர் வீடு தேடிப் போய்க் கூட்டிவந்த பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் பள்ளி வாசலில் நின்றார்கள்.

"எங்க புள்ளைங்கள இங்கிலீஷ்ல போடுன்னு சொல்லிட்டு, ஒங்க பொண்ண மட்டும் தமிழ்ல போட்டிருக்கீங்களே டீச்சர்? அப்ப அதுலதான் என்னமோ இருக்கு."

"அப்படியெல்லாம் இல்லக்கா..."

"இருந்தா எங்களுக்கும் சொல்லுங்க. இல்லன்னா நாங்களும் எடத்த மாத்திக்கிறோம்."

மாற்றினால் ஆங்கில வழிப் பிரிவு காலியாகும். அன்று மாலையே ஹெச்.எம். சாரிடம் பேசி மகளை வலது பக்கத்துக்கு மாற்றினார். அடுத்த நாள் அந்தப் பெண் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு நடுவழியைத் தாண்டிப் போய் உட்கார்ந்தாள். நான் தமிழில் சொல்லும்போது இடது பக்கம் திரும்பிப் பார்ப்பாள். என்னால் அவளுடைய அம்மாவைப் போல எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்ல முடியவில்லை. தொண்டை கட்டிவிடும். பாதி நாள் ஒரு பக்கத்துக்கும் பாதி நாள் மறுபக்கத்துக்கும் என்று ஓட்டினேன். அவர் எப்படி நாள் முழுக்க அதைச் செய்தார் என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

தை மாதம், அறுவடை முடிகிற நேரத்தில் டெல்லியிலிருந்து ஒரு குழு வந்தது. பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள், பெற்றோர்கள் என்ன விரும்புகிறார்கள் என்று கேட்டுப் போக வந்தவர்கள். குழுவின் தலைவி வயதான, நல்ல மாதிரியான அம்மாள். தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க யார் என்றதும் எல்லோரும் நம்மூர் டீச்சரைத்தான் பார்த்தார்கள். மரத்தடியில் நாற்காலிகள் போட்டு, எதிரே பெற்றோர்கள் உட்கார்ந்தார்கள். டீச்சர் நடுவில் நின்றார். அன்றைக்கு அவர் நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று தோன்றியது. அவ்வளவு அழகாகச் செய்தார். நடவுக்குப் போகும் ஒரு அம்மா சொன்னார்:

"எம் புள்ள இங்கிலீஷ் படிக்கணும். ஆனா வீட்டுக்கு வந்து பேசுனா எனக்குப் புரியணும்."

டீச்சர் அதை ஒரு சொல் சிந்தாமல் ஆங்கிலத்தில் சொன்னார். தலைவி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். அதே தாய் தொடர்ந்தார்:

"இன்னொண்ணும் சொல்லும்மா. இந்த டீச்சர நிரந்தரமா போடச் சொல்லும்மா. இவங்களும் எங்களாட்டம் நாளைக்கு வேலை உண்டா இல்லையான்னுதான் நிக்கிறாங்க."

டீச்சரின் தலை வலது பக்கம் திரும்பியது. வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. தலைவி காத்திருந்தார். பெற்றோர்கள் காத்திருந்தார்கள். நான் எழுந்து அந்தப் பேச்சை ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவி டீச்சரை நிமிர்ந்து பார்த்து, உங்களைப் பற்றியா என்று கேட்டார். பிறகு வருத்தத்தோடு, பணி நியமனம் மாநில அரசின் பொறுப்பு, நாங்கள் அதில் ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

இப்போது டீச்சர் பெற்றோர்கள் பக்கம் திரும்பினார். "மேல எடுத்துச் சொல்றேங்கறாங்க" என்றார்.

அந்தத் தாய் கையெடுத்துக் கும்பிட்டார். இரண்டு பேச்சும் புரிந்தவர்களான நானும் ஹெச்.எம். சாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஏன் டீச்சர் அப்படிச் சொன்னீங்க?" என்று பிறகு கேட்டேன்.

"இல்லைன்னு சொன்னாங்கன்னு நான் எப்படி டீச்சர் சொல்வேன்? எல்லாரும் எம் முகத்தையே பாத்துக்கிட்டிருந்தாங்க." அதோடு, "ஊரு நம்பிட்டிருந்தா ஜூன்ல என்னையே எடுக்கும்ல" என்றும் சொன்னார். இரண்டில் எது காரணம் என்று நான் கேட்கவில்லை. அவருக்கே தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான்.

எனக்கும் அவருக்கும் இடையே ஒரு விநோதமான பொறாமை இருந்தது. நான் சொந்த ஊருக்குப் போக முடியாமல் கிடந்தேன். ஞாயிற்றுக்கிழமை மகனோடு போனில் பேசிவிட்டு அறைக்குள் அழுவேன். அவருக்கு ஊர் இருந்தது, வீடு இருந்தது, தெருவில் நடந்தால் முகம் மலர்ந்து கூப்பிட ஆட்கள் இருந்தார்கள். "உங்களுக்கு என்ன டீச்சர், வீட்டுலேருந்து நடந்து வர்றீங்க" என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். "உங்களுக்கு என்ன டீச்சர், எந்த ஊருக்குப் போனாலும் நீங்க டீச்சர்" என்றார் அவர்.

ஏப்ரல் வந்தது. கணக்கு டீச்சர் விடுப்பு முடிந்து ஜூனில் திரும்புவதாகச் சொல்லிவிட்டார். அந்த ஜூனில் நம்மூர் டீச்சருக்கு இடம் எதுவும் கிடையாது. முதல் தடவையாக, காத்திருப்பதற்குக்கூட எதுவும் இல்லை. மே மாதம் வீட்டுக்காரர் திருப்பூரில் வீடு பார்த்தார். பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் மகளுக்கு இடம் வாங்கினார், அதே பள்ளியில் டீச்சரையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். அவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

"போயிடறேன் டீச்சர்" என்று போனில் சொன்னபோது அவர் குரல் தெளிவாக இருந்தது. நான் நிம்மதியடைந்தேன்.

அந்த வாரமே கலந்தாய்வில் எனக்கு இடம் கிடைத்தது. என் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். பள்ளியில் விடுவிப்பு ஆணை வாங்குவதற்காகத் தஞ்சாவூர் வந்து, அங்கிருந்து டீச்சரின் ஊருக்கு வந்தேன். ஹெச்.எம். சாரைப் பார்ப்பதற்கு முன்னால், அவர்கள் கிளம்புவதற்குள் பார்த்துவிடலாம் என்று நேரே டீச்சர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் குட்டி யானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லாரி நின்றது. பீரோ, கட்டில், மிக்ஸி, சைக்கிள் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. வீட்டுக்காரர் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். மகள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, மடியில் புதுப் பையை வைத்திருந்தாள். டீச்சருடைய அப்பா தென்னை மரத்தடியில் நின்றார். அவர் வர மறுத்துவிட்டார், அடுத்த அறுவடை வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்.

"எனக்கு டிரான்ஸ்ஃபர் கிடைச்சிருச்சு டீச்சர்" என்றேன். சந்தோஷத்தில் வேறு எதுவும் யோசிக்கவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா இருங்க டீச்சர். புள்ளையோட இருங்க." கண் கலங்கியது. கையை விடவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்ப உங்க இடம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "காலிதான்" என்றேன்.

"வேற யாரும் கேக்கலையா?"

"இதுவரைக்கும் யாரும் எடுக்கல."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அவர் மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. வெட்கத்தோடு கணவர் பக்கம் திரும்பினார். கயிறு கட்டுவது நின்றிருந்தது. எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

"கொஞ்ச நாள் பாத்துட்டு வரட்டுமா? குழு கூடுற வரைக்கும்."

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. இந்தத் தடவையாவது நிரந்தரம் பண்ணுவாங்களா?"

"தெரியலைங்க."

"சரி" என்றார். கோபம் இல்லை. கயிற்றை அவிழ்த்தார். டீச்சருடைய துணிப் பெட்டியையும் சின்ன அடுப்பையும் எடுத்துக் கீழே வைத்தார். கட்டிலைப் பாதி இறக்கிவிட்டு மாமனாரைப் பார்த்தார். தென்னை மரத்தடியில் இருந்தவர் வேண்டாம் என்று கை காட்டினார். கட்டில் மறுபடி மேலே போனது.

டீச்சர் முன்சீட்டுக் கதவருகே போய், "எறங்குடா செல்லம்" என்றார்.

மகள் இறங்கவில்லை. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நான் போறேன்மா. அங்க ஒரே கிளாஸ்ல ஒரே பாடம்தான் நடத்துவாங்களாம், அப்பா சொன்னாரு."

"அட்மிஷன் போட்டாச்சு. அது வரட்டும்" என்றார் வீட்டுக்காரர். "எங்க அக்கா பக்கத்துத் தெருதான், பாத்துக்கும். நீ முடிச்சிட்டு வா."

எதை முடித்துவிட்டு என்று யாரும் கேட்கவில்லை. டீச்சர் சன்னல் வழியாகக் கையை விட்டு மகளின் தலைமுடியைச் சரிசெய்தார். வண்டி வாய்க்கால் ரோட்டில் ஏறி, களத்து மேட்டைத் தாண்டித் திரும்பியது. அப்பா கீழே கிடந்த துணிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

டீச்சர் சின்ன அடுப்பைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். பிறகு, "ஹெச்.எம். இப்ப ஸ்கூல்லதான் இருப்பாரா?" என்று கேட்டார்.

"சேர்க்கை நேரம். இருப்பாரு. நானும் அங்கதான் போறேன்."

"முகம் கழுவிட்டு வந்துடறேன். சேந்தே போவோம்."

சேலையை மாற்றிக்கொண்டு, பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். வழியில் எதிர்ப்பட்டவர்கள், கிளம்பலையா டீச்சர் என்று கேட்டார்கள். இல்லைங்க, இங்கதான் என்று ஒவ்வொருவருக்கும் நின்று சொன்னார். அந்த வயல்காரரின் மனைவி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் நின்று உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

ஹெச்.எம். அறை வாசலுக்கு நாங்கள் வந்தபோது டீச்சருடைய போன் அடித்தது. மகள் பேசுவது எனக்கும் கேட்டது.

"அம்மா, தஞ்சாவூர் தாண்டிட்டோம்."

"பாத்துப் போங்கடா. அம்மா ஹெச்.எம்.மப் பாக்க வந்திருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றார் டீச்சர். போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டார். முந்தானையால் முகத்தை ஒருமுறை ஒற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் உள்ளே போனார்.